வலியோடு விட்டுவிடலாமா?

வாய்ப் புற்றுநோயால் பெருமளவில் பாதிக்கப்படும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நோய் முற்றிய நிலையில் மாத்திரையைக்கூட விழுங்க இயலாமல் தவிக்கும் நோயாளிகளுக்கு, தோலில் ஒட்டப்படும் ஃபென்டானில் மருந்துப் பிளாஸ்திரி பெரும் ஆறுதல். அதிலுள்ள மருந்து தோல் வழியே சிறிது சிறிதாக ரத்தத்தில் கலக்கிறது. ஒருமுறை ஒட்டினால் பொதுவாக 72 மணி நேரம் வலி கட்டுப்படும். புற்றுநோய் வலிக்கான அத்தியாவசிய மருந்தாக இதை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பட்டியலில் சேர்த்தது.

ஆனால், மருந்து இருப்பது வேறு. அது நோயாளியின் கைக்குக் கிடைப்பது வேறு. 1985-ல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி, மார்ஃபினை இருப்பு வைப்பதையே பல மருத்துவமனைகள் கைவிட்டன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட விதிகளும், அடுக்கடுக்கான உரிமங்களும் நோயாளிகளைத்தான் வதைத்தன. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டானில் உள்ளிட்ட 6 மருந்துகள் 2015-ல் அத்தியாவசியப் போதை மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வந்தது. சட்டம் மாறியும் அச்சம் அகலவில்லை என்பதுதான் வேதனை.

கட்டுப்பாடே கூடாது என்பதல்ல வாதம். ஃபென்டானில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமானது. இவ்வகை மருந்துகளுக்குப் பழக்கப்படாத உடலில் பிளாஸ்திரியை ஒட்டினால் மூச்சே அடங்கிவிடக்கூடும். கழற்றி எறிந்த பிளாஸ்திரியிலும் குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மருந்து எஞ்சியிருக்கலாம். எனவே, தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. அச்சத்துக்கு மாற்று பயிற்சியே தவிர, மறுப்பு அல்ல.

விலையையும் மறந்துவிடக் கூடாது. மார்ஃபின் மாத்திரை மலிவானது; பிளாஸ்திரியோ ஏழைகளுக்கு எட்டாதது. விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையும், முடியாதவருக்குப் பிளாஸ்திரியும் என்பதே நியாயமான வழி. மலிவான மருந்து கிடைக்காததால் விலை உயர்ந்ததை வாங்கும் நிலைக்கு யாரும் தள்ளப்படக் கூடாது.

மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினி, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் விளைவிக்கப்படுகிறது. உலகின் வலி தீர்க்க அபினியை ஏற்றுமதி செய்த நாடு, தன் மக்களை வலியில் துடிக்க விடலாமா? மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் இவ்விரு மருந்துகளும், அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருப்பதை மத்திய, மாநில அரசுகள் உறுதி செய்ய வேண்டும். குணப்படுத்த முடியாத நோய்கள் இருக்கலாம்; தணிக்க முடிந்த வலியைத் தணிக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.