வெளியேறு என்போரே, வாணலிக்கு வழி என்ன?

தோழா!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோ மீட்டர். பேருந்தில் ஏறி அமர்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் அந்த நாற்பது கிலோ மீட்டருக்குள் இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் ஏழையின் நியாயங்கள். இரண்டையும் மோதவிட்டு மூன்றாமவர் முடிசூடிக்கொள்ளும் நாடகம் நடக்கிறது. அதன் திரையைச் சற்றே விலக்கிக் காட்டத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் உன்னை அழைக்கிறேன்.

முதற்காட்சி, திண்டிவனம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாயிலில் மல்லாட்டை மூட்டையை இறக்கிவைத்து நிற்கிறான் உழவன். வானம் பார்த்த மண்ணில், வட்டிக்கு வாங்கிய பணத்தில், குடும்பமே குனிந்து களை பறித்துப் பெற்ற காய் அது. "விலை ஏறவேண்டும்; ஏறாவிட்டால் என் வீட்டு விளக்கு எரியாது" என்கிறான். உண்மை!

இரண்டாம் காட்சி, விழுப்புரம். ரயில் சந்திப்புக்கு அருகே, விடியுமுன் அடுப்பு மூட்டி வடை தட்டுகிறாள் ஒரு தாய். "எண்ணெய் விலை இறங்கவேண்டும், இறங்காவிட்டால் என் வீட்டு அடுப்பு எரியாது" என்கிறாள். அதுவும் உண்மை!

மூன்றாம் காட்சியில் வருகிறார் மேடை வீரர். "ஆசியான் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிவோம்! வணிகக் கூட்டணிகளைவிட்டு வெளியேறுவோம்! உழவனும் வாழ்வான், விலையும் வீழும்!" என்று முழங்குகிறார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! அரங்கம் அதிர்கிறது. கைதட்டல் ஓய்ந்தபின் வடை தட்டும் தாய் கேட்கிறாள்: "ஐயா, நாளைக் காலை என் வாணலியில் எதை ஊற்றுவேன்?" வீரர் மேல்துண்டைச் சரிசெய்துகொள்கிறார். விடை மட்டும் வரவில்லை.

விடை வராது, தோழா! ஏனென்றால் அந்த வாணலியின் கதை அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார். நாம் சொல்லுவோம்.

இந்திய நாடு உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ நூற்றுக்கு 57 பங்கு, கடல் கடந்து வருகிறது. அதில் பெரும் பங்கு பாமாயில். அது வரும் நாடுகள் இந்தோனேசியாவும் மலேசியாவும். இரண்டும் ஆசியான் கூட்டமைப்பின் உறுப்பு நாடுகள். உளுந்தின் பெயரையே ஊர்ப்பெயராகச் சூட்டிக்கொண்ட உளுந்தூர்ப்பேட்டை நமக்கு அண்டை ஊர். ஆயினும் நாடு இறக்குமதி செய்யும் உளுந்தின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து, இன்றைய மியான்மரிலிருந்து, வருகிறது. அதுவும் ஆசியான் நாடுதான். இட்லிக்கு மாவும் வடைக்கு எண்ணெயும் எந்தக் கடலைத் தாண்டி வருகின்றன என்று அறியாமல், கப்பலைத் திருப்பு என்று கத்துவது எளிது. பசித்த வயிற்றைத் திருப்பி அனுப்ப முடியுமா?

இந்த நிலை எப்படி வந்தது? 1986இல் எண்ணெய் வித்துக்களுக்கென ஒரு தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறக்குறைய தன் காலிலேயே நின்றது. பின்னர், 1990களின் நடுவில் இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. சுங்கச் சுவர் சரிந்தது. ஆசியான் ஒப்பந்தம் பாங்காக் நகரில் கையெழுத்தானது 2009 ஆகஸ்டு 13இல். நடைமுறைக்கு வந்தது 2010 ஜனவரி முதல் நாள். கதவு திறந்து பதினைந்து ஆண்டுக்குப் பின் வந்த விருந்தாளியை, கதவைத் திறந்தவன் என்று குற்றம் சாட்டுகிறார் நம் வீரர்!

வணிகமே பகை என்று நாம் சொல்லவில்லை. மல்லாட்டை என்று நம் வட்டாரம் செல்லமாக அழைக்கும் பயிருக்கு மணிலாக்கொட்டை என்றும் பெயர் உண்டே! மணிலா எங்கே இருக்கிறது? பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர் அது. தென்னமெரிக்காவில் பிறந்த காய், கப்பலேறிக் கடல் பல கடந்து, செம்மண்ணில் வேரூன்றி நம் பிள்ளையாகிவிட்டது. அந்தப் பிள்ளையைச் சீராட்டி வளர்த்த ஊர் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஈன்ற ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. என்றால் திண்டிவனம்! 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 தென்னாடெங்கும் பரவியது. ஊருக்கெல்லாம் விதை கொடுத்த மண், இன்று நியாயவிலைக் கடை வரிசையில் பாமாயில் பாக்கெட்டுக்காகக் கை நீட்டி நிற்கிறது. இதைவிடக் கூர்மையான கேலி எந்த நாடகத்தில் உண்டு?

இனி, வீரர் மறைக்கும் செய்திக்கு வருவோம். ஆசியான் ஒப்பந்தப்படி கச்சா பாமாயிலுக்கு நூற்றுக்கு 37.5 வரை சுங்கம் விதிக்க இந்தியாவுக்கு உரிமை உண்டு. சுத்திகரித்த எண்ணெய்க்கு 45 வரை உண்டு. டில்லி என்ன செய்தது? 2021 அக்டோபரில் கச்சா எண்ணெயின் அடிப்படைச் சுங்கத்தைப் பூஜ்யமாக்கிற்று! ஒப்பந்தமா கையைக் கட்டியது? கட்டவில்லை, டில்லியின் பேனா தானே எழுதியது. அதே பேனா 2024 செப்டம்பரில் பூஜ்யத்தை 20 ஆக உயர்த்தியது. செஸ், கூடுதல் வரி எல்லாம் சேர 5.5 ஆக இருந்த சுமை ஒரே இரவில் 27.5 ஆயிற்று, பண்டிகை வாயிலில் வடைக் கடை வாணலி விம்மிற்று. அதே பேனா 2025 மே இறுதியில் 20ஐப் பத்தாக்கியது, சுமை 16.5 ஆயிற்று. ஏற்றம், இறக்கம், மீண்டும் ஏற்றம், மீண்டும் இறக்கம்! ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. விலை மட்டும் ஊஞ்சலாடியது.

சரி, சுங்கம் ஏறியபோதாவது உழவன் உயர்ந்தானா? 2024-25க்கு மணிலாவின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். நாட்டிலேயே அதிகம் விளையும் குஜராத்தின் சந்தைகளிலேயே அதற்குக் கீழே விலை கிடந்தது. வாங்குவோனுக்கு ஏறியது, விற்போனுக்கு ஏறவில்லை! கொள்முதல் செய்யக் கை நீளாதபோது, ஆதரவு விலை என்பது சுவரில் எழுதிய சோறு.

வெளியேறிப் பார்த்தோர் கதையையும் கேள். பிரிட்டன் 2016இல் வாக்கெடுத்தது. 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. சுங்கமில்லா ஒப்பந்தம் ஒன்றையும் செய்துகொண்டது. எனினும் எல்லையில் சோதனைகள், சான்றிதழ்கள், கால்நடை மருத்துவர் கையொப்பங்கள் முளைத்தன. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு செலவு. 2021 முடிய இரண்டே ஆண்டில் ஒரு சராசரிக் குடும்பத்தின் உணவுச் செலவில் 210 பவுன் கூடியது என்று லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர் கணக்கிட்டனர். அதிலும் ஏழைக் குடும்பமே செல்வரைவிட அதிக விகிதத்தில் அடிபட்டது. ஏழையின் வருவாயில் பெரும்பகுதி சோற்றுக்குத்தானே போகிறது! உலகையே ஆண்ட நாட்டின் சமையலறைக்கே இந்தக் கதி.

பிரிட்டன் தூரம் என்பாயா? வாளையாறு தூரமில்லையே! 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கும் ஒரே அரிசி மண்டலமாக இணைக்கப்பட்டன. 1964இல் அந்தத் தென்மண்டலம் கலைந்தது. மாநிலத்துக்கு ஒரு வேலி எழுந்தது. பற்றாக்குறைக் கேரளம் தவித்தது. பங்கீட்டுக் கடை அங்கே வாழ்வின் அங்கமாயிற்று. வேலியின் இருபுறமும் தமிழனும் மலையாளியும் இருந்தான். வேலியைப் போடும் சாவி டில்லியில் இருந்தது.

"அப்படியானால் எல்லாக் கூட்டணியிலும் சேர்ந்துகொள்ளச் சொல்கிறாயா?" என்று கேட்பாய். இல்லை! 2019 நவம்பர் 4இல், அதே பாங்காக்கில், ஆர்.சி.இ.பி. என்னும் பெருங்கூட்டணியில் சேருவதில்லை என்று பிரதமர் அறிவித்தார். நியூசிலாந்துப் பால்பொடியின் முன்னே, இரண்டு மாடு வைத்திருக்கும் நம் ஊர்த் தாய் நிற்க முடியாது என்பதால் அந்த முடிவு சரியே. மாற்றானின் முடிவாயினும் சரியானதைச் சரியென்போம். சேருமுன் மறுப்பது வேறு. பாதி உணவை ஒரு வழியில் வரவைத்துக்கொண்டு அந்த வழியைத் திடீரென அடைப்பது வேறு.

உள்ளேயே கிடப்பதும் ஆபத்தில்லாததன்று. 2022 ஏப்ரல் 28இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடைசெய்தது; மூன்று வாரத்துக்கு மேல் தடை நீடித்தது. நம் நாட்டுச் சமையலறை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வெளியேறினாலும் அடி, உள்ளிருந்தாலும் பிடி! ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: சாவி யார் கையில், செலவு யார் தலையில்?

தமிழகத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். நியாயவிலைக் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். சந்தை விலைக்கும் அதற்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது மாநிலக் கருவூலம். கணக்குப் போடு: கொள்முதல் விலை லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினால், 2 கோடி லிட்டருக்கு மாதம் 20 கோடி ரூபாய்! பேனா அங்கே, பணப்பை இங்கே! சுங்கத்தோடு சேர்த்து வாங்கும் வேளாண் உள்கட்டமைப்பு செஸ்ஸும் சமூகநலக் கூடுதல் வரியும் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுவதில்லை. திண்டிவனத்து உழவன் பெயரைச் சொல்லி வாங்கும் வரியில் தமிழகத்துக்குப் பங்கு இல்லை! உழவன் பெயர் டில்லிக்கு. உழவன் துயர் நமக்கு!

ஆகவே நம் கோரிக்கை முழக்கமாக முடிந்துவிடக் கூடாது. உணவுப் பொருளின் சுங்கத்தை மாற்றுமுன் மாநிலங்களைக் கலந்து பேசு. அந்த செஸ்ஸைப் பங்கிடு. மணிலாவை ஆதரவு விலைக்கு விற்பனைக்கூடத்திலேயே கொள்முதல் செய். ஒப்பந்தத்தைத் திருத்து, திருத்துமுன் விதைக்க ஆண்டுகள் கொடு. மாநில அரசையும் விடமாட்டோம்: உழவர்கள் நெடுநாளாகக் கேட்பதுபோல, நியாயவிலைக் கடையில் பாமாயிலோடு நம் மண்ணின் கடலை எண்ணெய்க்கும் இடம் கொடு. முதலில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கட்டும்.

அன்று திண்டிவனத்து மூட்டை, மேடையின் இரைச்சலுக்குக் காத்திராமல், நாற்பது கிலோ மீட்டர் தாண்டி விழுப்புரத்து வாணலிக்கு வரும். விற்றவனும் சிரிப்பான், பொரித்தவளும் சிரிப்பாள்.

அதுவரை, தோழா, "வெளியேறு" என்று எவர் முழங்கினாலும் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேள்: "ஐயா, வாணலிக்கு வழி என்ன?"