சம்பள உயர்வும் பழைய கடனும்



தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கடைசியாகக் கூடியது 3,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிய, கையில் வருவது 2,760 ரூபாய்.

"இந்தக் காசில் என்ன செய்யலாம் தங்கச்சி?" என்று தையல் ஆலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். வயது 49. கணவர் போரில் காணாமற்போன பின் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். நகை அடைவில், நுண்கடன் வேறு. பெண்கள் 50 வயதில் வேலையை விட்டுச் சேமலாப நிதியை எடுக்கலாம். அதை எடுத்துக் கடனை அடைப்பதே அவரது எண்ணம். கடன் தீரும்தான். ஆனால் மாதச் சம்பளமும் முதுமைக்கான ஒரே சேமிப்பும் அதோடு போய்விடும்.

2,760 ரூபாயை வீட்டுச் செலவோடு கலக்காமல் ஒதுக்கினால் ஒரு வருடத்தில் 33,120 ரூபாய். எல்லாக் கடன்களையும் வட்டியோடு எழுதிப் பாருங்கள். மற்றத் தவணைகளைத் தவறவிடாமல், வட்டி கூடிய கடனுக்கு இந்தக் காசைக் கட்டுங்கள். அடைவுக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்தால் வாங்கிய தொகை குறையாது. அதிலும் ஒரு பகுதியைக் கட்டலாமா என்று கேளுங்கள். நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் வட்டி குறையுமா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஒரு கடன் முடிந்ததும் அதன் தவணைக் காசை அடுத்ததற்குச் சேருங்கள்.

முழுத் தொகையையும் ஒதுக்க முடியாத வீடுகள் உண்டு. பாதியை என்றாலும் ஒதுக்குங்கள். கூடிய காசு செலவுக்குப் பழகிவிடுமுன், இந்த மாதமே தொடங்குங்கள்.