பத்து வெள்ளி

இந்த வாரம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தலைவர்கள் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று மலாக்காவில் ஒரு ஹோட்டலில் பயிற்சியாம். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய வேண்டும். மேனேஜர் தாங்கிப் பிடிப்பார்.

"பிடிச்சாராடா?"

"பிடிச்சார்ண்ணே. ஓ.டி. காசுதான் நாலு மாசமா வரல."

கேட்டதும் எனக்கு ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர் ஞாபகம் வந்துவிட்டது. (மறுபடியும் தோட்டத்துக் கதையா என்பவர்கள் ராசிபலன் பக்கம் போகலாம்.) நியாலாஸ் வட்டாரம் செம்பனைக்கு மாறுவதற்கு முன்பு, விடியுமுன் வெட்டிய பாலை வாளியில் தூக்கிவந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி நிறுப்பார். பிறகு கொஞ்சம் பாலில் தண்ணீர் சேர்த்து மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்க விடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் பாலில் ரப்பர் எவ்வளவு என்ற கணக்கு. வெட்டுக்காரர் பாலில் தண்ணீர் கலந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். கிராணி கோட்டைக் குறைத்துப் படித்தால் காட்டிக் கொடுக்க ஒன்றும் கிடையாது. மெட்ரோலாக்கைத் தொழிலாளி பக்கம் திருப்பிக் காட்டி, எண்ணை உரக்கச் சொல்லும் கிராணியும் இருந்தார். முதுகால் மறைத்துக்கொண்டு எழுதுகிறவரும் இருந்தார். யார் எப்படி என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்படி அடிபட்ட ஜனங்களிடம்தான் 1960-இல் ம.இ.கா. தலைவரும் மந்திரியுமான துன் சம்பந்தன் மாதம் பத்து வெள்ளி கேட்டார். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியிருந்தன. வாங்கியவர்கள் துண்டாடி விற்க, வேலையும் வீடும் ஒருசேரப் போயின. கூட்டுறவுச் சங்கம் வைத்து நம் காசிலேயே தோட்டம் வாங்குவோம் என்றார். பங்கு நூறு வெள்ளி. பத்துப் பத்தாகக் கட்டலாம்.

மந்திரி கேட்டார், கொடுத்தார்கள் என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். மந்திரிக்கு நம் ஜனம் மாலை போடும். மடியிலிருந்து காசு எடுக்காது. அவர் தோட்டம் தோட்டமாக நேரில் வந்து கேட்டார். அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைக்கு வந்தது. சந்தேகப்பட்டவன் பஸ் ஏறிப் போய் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். 1973-இல் ம.இ.கா. தலைமையை விட்டு இறங்கிய பிறகும், 1979-இல் கண்ணை மூடும்வரை, அந்தத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை.