பேனல் போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

பருப்பு, புளி விலை பேசும் நம் இதழில் டி.வி. பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் கைக்காசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே 42 அங்குல பிளாஸ்மா டி.வி. ஒன்று வாங்கி, மளிகைக் கடையை ஒட்டிய அறையில் மாட்டினேன். இன்றும் ஓடுகிறது. சென்ற ஆண்டு ஒருநாள் படம் முழுவதும் ரவை தூவியது போல் புள்ளி புள்ளியாகிவிட்டது. வந்த மெக்கானிக் இரண்டு நிமிடம் பார்த்தார். "அண்ணாச்சி, பேனல் போயிருச்சு. இனிமே இதுக்குப் பேனல் கிடைக்காது. பழசைப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கிடுங்க" என்றார். கூலி 300 ரூபாய்.

பேனல் கிடைக்காது என்பது உண்மைதான். பானாசோனிக் 2013-லும், சாம்சங்கும் எல்.ஜி.யும் 2014-லும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டன. ஆனால் மாற்று கிடைக்காத பொருள் என்றால் தள்ளிவிடுவதற்கு முன் கூடுதலாக அல்லவா பார்க்க வேண்டும்? மூட்டையில் குத்தூசி போட்டுக் கையில் கொட்டிப் பார்க்காமல் நாம் சரக்கைக் கழிக்கிறோமா?

என் மகன்தான் பார்த்தான். டி.வி.யின் மெனுவைத் திரையில் கொண்டுவந்தான். எழுத்து பளிச்சென்று இருந்தது. பென் டிரைவில் ஒரு படம் போட்டான். ரவை இல்லை. அப்படியானால் பேனலில் கோளாறு இல்லை, வெளியிலிருந்து வரும் வழியில்தான் கோளாறு. கேபிள் பாக்ஸ் மாற்ற வந்தவர் எச்.டி.எம்.ஐ. ஒயரைக் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மஞ்சள் பின்னில் பச்சைக் களிம்பு. அந்த ஒயரும் ஃப்ரீசரின் மின் ஒயரோடு சேர்ந்தே ஓடியது. பழைய எச்.டி.எம்.ஐ. ஒயரைத் தேடி எடுத்து மாட்டினோம். செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய டிஜிட்டல் கேபிளில் சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே நின்றுவிடும். பழைய காலத்து ஆன்டெனா போலப் பொரி பறக்காது. ஆகவே ரவை தெரிந்தால் கேபிள்காரரோடு சண்டைக்குப் போகும் முன் பாக்ஸுக்கும் டி.வி.க்கும் நடுவில் உள்ள ஒயரைப் பாருங்கள்.

பிளாஸ்மாவில் பழுதே இல்லாமலும் கொஞ்சம் ரவை தெரியும். அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் எரிவது, அணைவது என்று இரண்டே நிலை. நொடிக்குள் பலமுறை எரிந்தால் வெளிச்சம், சிலமுறை எரிந்தால் மங்கல். மிக மங்கலான நிறங்களுக்கு அந்தக் கணக்கு போதாமல், பக்கத்துப் புள்ளிகளை மாற்றி மாற்றி எரியவிட்டுச் சராசரியைச் சரிக்கட்டுகிறது. 50 கிராம் கல் இல்லாதவன் ஒருவருக்குக் கூட்டியும் அடுத்தவருக்குக் குறைத்தும் போடுவது போல. (நாம் செய்தால் முத்திரை ஆய்வாளர் விடுவாரா?) இருட்டுக் காட்சியில், கிட்டே நின்று பார்த்தால் இது எறும்பு ஊர்வது போல் தெரியும். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் மறைந்துவிடும். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்த 'டைனமிக்' நிலையிலும், ஷார்ப்னஸை முழுக்க ஏற்றினாலும் இது அதிகமாகும். இரண்டையும் இறக்கிப் பாருங்கள்.

எந்த இணைப்பில் போட்டாலும், கறுப்புத் திரையிலும், சிவப்பும் பச்சையுமாகப் பொறி மின்னினால் அது உள் கோளாறு. அப்போதும் பேனல்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போர்டு பழுதாகவோ, அதன் வோல்டேஜ் விலகியோ இருக்கலாம். இருக்க வேண்டிய வோல்டேஜ் அளவு பேனலின் பின்புறச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதை மீட்டர் வைத்துப் பார்ப்பது தெரிந்தவர் வேலை. உள்ளே 200 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது. அணைத்த பிறகும் சிறிது நேரம் நிற்கும். நாம் திருப்புளி எடுக்கக் கூடாது.

நம் சங்கத்தில் டி.வி. விற்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோக எழுதவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு வரும் பழைய பெட்டியைக் கழிக்கும் முன், எந்தெந்த இணைப்பில் போட்டுப் பார்த்தோம் என்று ரசீதில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும். எண்ணெய் டின்னில் கசிவு என்று திருப்பி அனுப்பும்போது நாம் காரணம் எழுதுகிறோமே, அதே முறைதான். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மெக்கானிக் மாதச் சாமான் நம் கடையில்தான் எடுக்கிறார். 300 ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை, மஞ்சள் ஒயரை மட்டும் காட்டினேன்.