யாருடைய பொற்காலம்?

அமெரிக்க கன்ட்ரி இசையை எளிய சிறுநகர வாழ்வின் கள்ளமற்ற குரல் என்று சிலாகிப்போர் நம்மிடையே உண்டு. இப்பார்வையை நாங்கள் முற்றாக மறுக்கிறோம்.

இந்த ஏக்கம் பெரும்பாலும் நகரத்தில் தயாராகி, ஊரை விட்டு வந்தவர்களிடம் விற்கப்பட்ட சரக்கு. இவ்விசையின் தொடக்ககால வெற்றித்தட்டுகளுள் ஒன்று 1923இல் அட்லாண்டாவில் பதிவானது. பாடியவர் ஃபிடிலிங் ஜான் கார்சன், பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பழைய மரக்குடிலை நினைத்து உருகும் பாடல் அது. 1871இல் அதை எழுதிய வில் ஹேஸ் வெள்ளையர். பாட்டில் உருகுபவரோ முன்னாள் கறுப்பின அடிமை. அடிமை வாழ்வே அங்கு இழந்த சொர்க்கமாகிவிடுகிறது!

பழங்கதை என்பீர்களா? 2023இல் ஜேசன் ஆல்டீன், சிறுநகரப் பெருமை பேசும் தமது பாடலின் காணொளியை டென்னசியின் கொலம்பியாவில், நீதிமன்றக் கட்டடத்தின் முன் படமாக்கினார். 1927இல் ஹென்றி சோட் என்னும் கறுப்பின இளைஞரைக் கும்பலொன்று தொங்கவிட்டுக் கொன்றது அக்கட்டடத்தில்தான். சர்ச்சை மூண்டதும் பாடல் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கே ஏறியது.

ஏக்கமே கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. டாலி பார்ட்டன் 1968இல் 'இன் த குட் ஓல்ட் டேஸ்' பாடலில் தம் இளமையின் வறுமையை நினைவுகூர்கிறார். நினைவுகளைப் போற்றுகிறார், அந்நாட்களுக்குத் திரும்பிப்போக மட்டும் மறுக்கிறார். பசியை அறிந்தவரின் நேர்மை அது. கொண்டாடுவதானால் இந்தக் குரலைக் கொண்டாடுவோம். மற்றவற்றைக் கேட்கும்போது, அந்தப் பொற்காலத்தில் வாசலுக்கு வெளியே நின்றவர் யார் என்றும் கேட்போம்.