உழைக்கும் கைகளையும் வரைவோம்

ஓவியப் போட்டி என்றதும் நம் கை தானாக எதை வரைகிறது? இரண்டு மலைகள், நடுவே உதய சூரியன், ஒரு தென்னை மரம், ஓர் ஓடம். கடலே இல்லாத திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஓடம் வரைகிறோம்! அதில் தவறில்லை. ஆனால் அன்றாடம் நாம் காணும் மனிதர் மட்டும் நம் படங்களில் இடம்பெறுவதில்லையே, ஏன்?

கடல் ஓவியராக வாழ்வைத் தொடங்கிய ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பல்தசார் சோல்வின்ஸ் 1760ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் துறைமுக நகரில் பிறந்தவர். கப்பல்களையும் துறைமுகங்களையும் தீட்டியவர். 1791இல் பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்தார். அங்கே பல்லக்குகளுக்கும் கோச்சு வண்டிகளுக்கும் வர்ணம் தீட்டும் வேலைகூடச் செய்தார். ஆயினும் அவர் கண்கள் ஓயவில்லை. ஆற்றுப் படகுகளை வகை வகையாக வரைந்தார். கரையில் வாழ்ந்த கொல்லர், நாவிதர், பல்லக்குத் தூக்குவோர், வாத்தியம் வாசிப்போர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரையும் வரைந்தார். அவற்றைச் செப்புத் தகடுகளில் தாமே உருவாக்கி, 250 அச்சுப் படங்களாகக் கல்கத்தாவில் வெளியிட்டார்.

நூல் விலைபோகவில்லை. ஐரோப்பா திரும்பியபின், மனைவியின் பணத்தைக் கொண்டு, 1808 முதல் 1812 வரை பாரிஸில் நான்கு பெரிய தொகுதிகளாக மீண்டும் வெளியிட்டார். அதுவும் நஷ்டமே. பின்னர் ஆண்ட்வெர்ப் துறைமுகத் தலைவராகப் பணியாற்றி 1824இல் மறைந்தார். ஆனால் அன்றைய வங்காளத்துப் படகும் இசைக்கருவியும் எப்படி இருந்தன என்று அறிய விரும்பும் அறிஞர்கள் இன்று அவருடைய படங்களையே நாடுகின்றனர்.

"படம் வரைந்தால் மார்க் வருமா?" என்று கேட்கும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். உடனே பலன் தராத உழைப்பு வீண் உழைப்பாகிவிடாது.

சோல்வின்ஸிடம் ஒரு குறையையும் காண்கிறோம். பெரும்பாலும் குலத்தையும் தொழிலையும் குறித்தாரேயன்றி, மனிதரின் பெயரைக் குறிக்கவில்லை. நாம் அதைத் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

அரம் பிடித்துப் பூட்டு செய்யும் முதியவர், தோல் பதனிடுவோர், பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் அக்கா, சின்னாளபட்டித் தறிக்காரர் என்று நம்மைச் சுற்றி எத்தனை பேர்! திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்குப் பெயர் கிடைத்தது. அதைச் செய்த கைகளுக்கு?

அன்புத் தோழியரே, ஓடத்தைச் சற்றே கரையில் நிறுத்துவோம். உழைப்போரிடம் சென்று, அவர் அனுமதி பெற்று, பார்த்து வரைவோம். படத்தின் கீழே அவர் பெயரையும் எழுதுவோமாக!