படிப்புக்குப் பட்ட கடன்

கலாசாலையில் இடம் கிடைத்ததென்ற கடிதம் வரும் தினத்திலேயே சாமானியக் குடும்பங்களுக்கு ஒரு கவலையும் வந்து சேருகிறது. காணியை விற்பதா, பெண்களின் கழுத்திலும் காதிலும் உள்ளதை அடகு வைப்பதா, பாங்கியில் கடன் கேட்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் கூடி யோசிக்கிறார்கள். முன் தலைமுறையில் பெரும்பாலோருக்கு முதலிரண்டு வழிகளே இருந்தன. மூன்றாவது வழி பரவலாகத் திறந்தது, 2001-ம் வருஷத்தில் இந்திய பாங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்த பிறகுதான். அவ்வப்போது திருத்தப்பட்ட அத்திட்டத்தைத் தழுவியே இன்றும் பாங்கிகள் கடன் தருகின்றன. கந்து வட்டிக்கு வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த காலத்தைக் கண்டவர் யாரும் இதைப் பழிக்கமாட்டார்கள். நாமும் பழிக்கவில்லை. ஆயினும் இக்கடனின் அமைப்பிலேயே ஓர் அநீதி இருக்கிறதென்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. படித்தவனுக்கு உத்தியோகம் கிடைத்ததா என்று அது கேட்பதில்லை. பஞ்சாங்கத்தில் தேதி வந்துவிட்டதா என்று மட்டுமே கேட்கிறது.

விதிகள் பார்வைக்குத் தாராளமானவை. 4 லக்ஷம் ரூபாய் வரையில் ஈடு வேண்டாம்; கைப்பணமும் போடவேண்டாம். ஏழரை லக்ஷத்துக்கு மேற்போனால்தான் வீடு, நிலம் போன்ற சொத்தைக் காட்டவேண்டும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டியதில்லை. அப்புறம் 15 வருஷம் வரையில் அவகாசமுண்டு. "தவணை கட்டவேண்டியதில்லை" என்ற இந்த ஒரு வாசகத்தில்தான் அநேகர் இடறி விழுகின்றனர். நிற்பது தவணை, வட்டியல்ல. முதல் வருஷச் சம்பளத்தைப் பாங்கி கலாசாலைக்கு அனுப்பிய அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

நேயர்கள் பொறுமையுடன் ஒரு கணக்கைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். நான்கு வருஷ இஞ்சினீயரிங் படிப்புக்கு வருஷம் 1 லக்ஷமாக 4 லக்ஷம் வாங்கியதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் பிந்திய ஒரு வருஷத்திலும் தனி வட்டியே கணக்கிடப்படும். அப்படியிருந்தும், முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அது அசலுடன் கலந்து கடன் 5,40,000 ஆகிவிடும். இதைப் பத்து வருஷத்தில் தீர்க்க நினைத்தால் மாதம் சுமார் 7,136 ரூபாய். மொத்தம் 8 லக்ஷத்து 56 ஆயிரம். மாதத் தவணை பாரமாயிருக்கிறதென்று 15 வருஷமாக நீட்டினால் மாதம் 5,803 ரூபாய்தான். ஆனால் கடைசியில் கட்டிய தொகையைக் கூட்டிப் பார்த்தால் 10 லக்ஷத்து 44 ஆயிரத்தைத் தாண்டும். வாங்கிய 4 லக்ஷத்துக்கு இரண்டரை மடங்குக்கு மேல்! 22 வயதில் படிப்பை முடித்தவன் தன் 38-ம் வயதில், தன் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்தோடு தன் கலாசாலைச் சம்பளத்தையும் கட்டிக்கொண்டிருப்பான்.

இதற்கு ஒரு பரிகாரம் குடும்பத்தின் கையிலேயே உண்டு. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் செலுத்திவிட்டால் கடன் 4 லக்ஷத்திலேயே நிற்கும். மேற்படி கணக்கில் முதல் வருஷம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருஷம் 1,667 ரூபாய் என்று ஏறி, நான்காம் ஐந்தாம் வருஷங்களில் 3,333 ரூபாய் ஆகும். இப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் நூற்றுக்கு ஒன்று குறைக்கலாமென்றும் மாதிரித் திட்டம் சொல்லுகிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது இவ்விஷயத்தைத் தகப்பனாருக்கு விளக்கிச் சொல்லும் பாங்கி உத்தியோகஸ்தர் எத்தனை பேர் என்பதை, கடன் வாங்கிய நேயர்களே தீர்மானிக்கட்டும். குடும்ப வருமானம் வருஷம் நாலரை லக்ஷத்துக்கு மேற்படாதவர்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி படித்தால், அக்காலத்து வட்டி முழுவதையும் இந்திய சர்க்காரே ஏற்கும் திட்டமொன்று 2009 முதல் இருந்துவருகிறது. அதற்கு உரிய அதிகாரியின் வருமான சர்டிபிகேட் வேண்டும். காலத்தில் மனுச் செய்யவேண்டும். நோய் போன்ற காரணமின்றிப் படிப்பை நடுவில் விட்டால் சலுகை போய்விடும். இதை அறியாமல் இழந்தவர்கள் கிராமங்களில் கொஞ்சமல்ல.

ஆனால் எவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் பார்த்தாலும், வருமானமே இல்லாதவன் எதைக் கொண்டு தவணை கட்டுவான்? பட்டம் பெற்று மாதம் 15,000 ரூபாய்க்குச் சென்னையிலோ கோயமுத்தூரிலோ வேலைக்கு அமரும் வாலிபன், அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக 7,136 ரூபாயை எங்கிருந்து எடுப்பான்? பாதிச் சம்பளத்தைக் கொடு என்பது அதன் அர்த்தம். வேலையே கிடைக்காதவனைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் ஏறுகிறது. உடன் கையெழுத்திட்ட தகப்பனாரும் அந்தக் கடனுக்குப் பாத்தியப்பட்டவராதலால், அவருடைய சிபில் மதிப்பெண்ணும் கெடுகிறது. பிறகு பயிர்க்கடனுக்குப் போனாலும், தங்கைக்காக மற்றொரு கல்விக்கடனுக்குப் போனாலும் அந்தக் கறை முன்னே வந்து நிற்கிறது. மாணவனுக்கு மதிப்பெண் குறைவென்ற காரணத்தால் மாத்திரம் கல்விக்கடனை மறுக்கலாகாதென்று கேரள ஹைக்கோர்ட்டு 2023-ல் கூறியது. அதற்காக ஒவ்வொரு குடியானவனும் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

சில வருஷங்களுக்கு முன், நம் நாட்டு மாணவர்களின் வாராக்கடன்கள் தனியார் சொத்து மீட்புக் கம்பெனிகளுக்கு விற்கப்பட்ட செய்தி நேயர்களுக்கு நினைவிருக்கும். பொதுஜனங்களின் பாங்கியை நம்பிக் கையெழுத்திட்டவன், தான் கண்டறியாத கம்பெனியின் ஆட்களுக்குப் பதில் சொல்லவேண்டியதாயிற்று. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டு உபத்திரவம் செய்யலாகாதென்று ரிஸர்வ் பாங்கி 2022-ல் கண்டிப்பாக உத்தரவிட்டது. உத்தரவு நல்லதுதான். ஆனால் பகல் 11 மணிக்குத் தெருவில் நின்று உரக்கப் பேசினாலும் மானம் போவது போவதுதானே!

இந்திய சர்க்கார் இதைக் கவனிக்கவேயில்லையென்று சொல்வதற்கில்லை. 2024 நவம்பரில் மந்திரிசபை அங்கீகரித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு 2030-31 வரையில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 8 லக்ஷம் வரை வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, 10 லக்ஷம் வரையான கடனில், தவணையில்லாக் காலத்து வட்டியில் நூற்றுக்கு மூன்றைச் சர்க்கார் ஏற்கும். இது வருஷத்துக்கு 1 லக்ஷம் மாணவர்களுக்கு. ஏழரை லக்ஷம் வரையான கடன்களுக்கு நூற்றுக்கு 75 பங்கு சர்க்கார் ஜாமீனும் உண்டு. ஆனால் திட்டம் தொடங்கியபோது இதில் இடம்பெற்ற ஸ்தாபனங்கள் 860 மட்டுமே. தேசிய தரவரிசையில் முன்னிற்பவை அவை. அவற்றில் படித்தவனுக்கு ஓரளவாவது உத்தியோகம் நிச்சயம். பட்டியலில் இல்லாத சிறு ஊர்க் கலாசாலையில் படித்தவனல்லவா வேலைக்கு அலைகிறான்? ஜாமீனைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது பாங்கியின் நஷ்டத்துக்கு ஜாமீன், மாணவனின் கஷ்டத்துக்கு அல்ல. பாங்கி தன் பங்கைப் பெற்றுக்கொண்டாலும் கடனாளி கடனாளியே. வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்கு 8 வருஷம் வரை கிடைக்கும் கழிவோ, பழைய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு மட்டுமே உரியது. வரி கட்டுமளவு சம்பளமில்லாதவனுக்கு அதனால் காசளவும் பிரயோஜனமில்லை.

தேர்தல் வந்தால் கல்விக்கடன் தள்ளுபடி என்ற கோஷம் கிளம்புகிறது. இதைக் குறித்து நம் அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. கடன் பாங்கிகளுடையது, அவற்றில் பல மத்திய சர்க்காருக்குச் சொந்தமானவை. மாநில சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுத்தாலன்றி ஒரு ரூபாயையும் தள்ள முடியாது. கொடுத்தாலும், அரைவயிற்றுக்கு உண்டு தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்? கடன் வாங்க நேராமலே செய்வது இதைவிட மேல். தமிழ்நாட்டில் 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை வந்தது. 2021-ல் தொழிற்கல்வியில் சர்க்கார் பள்ளி மாணவர்க்கு ஏழரை சதவீத இடம் ஒதுக்கி, அவர்களுடைய கட்டணத்தையும் சர்க்கார் ஏற்றது. எந்தக் கட்சி செய்தது என்று பாராமல் இவற்றைப் பாராட்டவேண்டும்.

எனினும் எல்லோருக்கும் இலவசம் என்பது சமீபத்தில் நடவாது. கடன் இருக்கத்தான் போகிறது. அப்படியானால் அது எத்தகைய கடனாக இருக்கவேண்டும்? ஆஸ்திரேலியா 1989-ல் ஒரு வழி கண்டது. அங்கே படித்தவனின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரி இலாகா மூலம் பணம் பிடிக்கப்படும்; தாண்டாத வருஷத்தில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு வரம்பு வருஷம் 25,000 பவுன். அதற்கு மேற்பட்ட வருமானத்தில் நூற்றுக்கு 9. இதில் குறையில்லாமலில்லை. அங்கே பாக்கி தள்ளுபடியாக 40 வருஷம் ஆகிறது. நடுத்தர சம்பளக்காரன் ஆயுளில் பாதியைக் கடனோடு கழிக்கிறான். அமெரிக்காவிலோ மாணவர் கடன் ஒன்றரை லக்ஷம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஜனாதிபதி பைடன் ஒரு பகுதியைத் தள்ள முயன்றபோது 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு அதிகாரமில்லையென்று தடுத்துவிட்டது. முதலில் தாராளமாகக் கடன் கொடுத்துவிட்டுப் பின்னால் தள்ளுபடிக்கு வழி தேடுவதன் கதி இது.

நம் நாட்டில் பெரும்பாலோர் வருமான வரி கட்டுவதில்லை, யாருக்கு என்ன வருமானமென்று எப்படி அறிவது என்று ஆக்ஷேபிப்பார்கள். ஆக்ஷேபம் பலமானதே. ஆனால் ஒழுங்கான சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெரும்பாலும் பிராவிடண்டு பண்டு கணக்கு இருக்கிறது. பான் எண் இருக்கிறது. அவற்றைக் கொண்டு, ஒரு வரம்புக்குக் கீழ் சம்பளம் உள்ளவரையில் தவணையை ஒத்திவைக்கலாம். அக்காலத்து வட்டி அசலில் ஏறாதபடி சர்க்கார் தாங்கலாம். வருமானத்தை மறைக்கும் சிலர் தப்பிப் போவார்கள். பெருங்கடன்காரர்கள் எத்தனையோ கோடிகளோடு கடல் கடந்து தப்பியதைப் பார்த்த பாங்கிகளுக்கு இந்த நஷ்டம் புதிதல்ல. வித்யாலக்ஷ்மிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பி, சில ஜில்லாக்களில் சோதித்துப் பார்க்கும்படி நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வற்புறுத்தவேண்டும்.

அதுவரையில் தேசத் தொண்டர்களுக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. கலாசாலைகள் திறக்கும் மாதங்களில் தாலுகா ஊர்தோறும் நாலைந்து பேர் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து, கடன் பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டலாம். மேற்சொன்ன கணக்கை அவரவர் தொகைக்குப் போட்டுக் காட்டலாம். வட்டிச் சலுகைக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். ஏற்கெனவே தவணை தவறியவர்கள் ஒளிந்து திரியாமல், 90 நாள் கழியுமுன் பாங்கிக்கு நேரில் சென்று, வேலையில்லாத நிலையை எழுத்தில் தெரிவித்து, தவணையை மாற்றியமைக்கக் கேட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவரச் செய்யலாம். முத்திரையில்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமானம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களை உடன் அழைத்துச் செல்வது நலம்.